சிற்றிடையும் இடைச்செருகலும்

தமிழ் பயின்றோர்க்கு 'இடைச்செருகல்' என்பது ஒரு குற்றச்சாட்டுச் சொல். ஏட்டுச் சுவடியைப் படியெடுத்தவர் தாமே ஒரு பாட்டை இயற்றி நடுவே வைத்துவிட்டார் என்று ஐயுறும்போது அச்சொல்லைக் கையில் எடுக்கிறோம். கம்பராமாயணத்தில் 'வெள்ளிப் பாடல்கள்' எனப் பழிக்கப்பட்டவற்றைப் பிரித்தெடுக்கப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு மாணவர் அறிந்ததே. நடையையும் யாப்பையும் கதைப்போக்கையும் உரைகல்லாகக் கொண்டு செருகலைக் கண்டறிந்து, அதனைப் பின்னிணைப்புக்கு அனுப்பிவிடுதல் பதிப்புக்கலையின் வழக்கம். ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்கு உழைத்த நாள்முதல் அவ்வழக்கத்திலேயே ஊறிய எமக்கு, அதே சொல் வேறொரு பொருளைச் சுமந்துகொண்டு சென்ற கல்வியாண்டில் இயற்பியல் துறையிலிருந்து வந்து சேர்ந்தது.

கொணர்ந்தவர் கல்வராயன் மலையிலிருந்து வந்து எம் கல்லூரியில் இளம் அறிவியல் இறுதியாண்டு பயின்ற ஒரு மாணவர். அவர் வீட்டில் கல்லூரிப்படி மிதித்த முதல் ஆள் அவரே. கருத்தரங்க உரைக்கென அவருக்கு ஒதுக்கப்பட்ட பொருள், அடுக்கமைப்புடைய உலோகச் சேர்மங்கள் ஹைட்ரஜனை உட்கொள்ளும்போது அவற்றின் பண்புகள் எவ்வாறு மாறுகின்றன என்பது. பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழி. ஆங்கிலத்தில் எழுதிவைத்து ஒப்பித்துவிடுவார். எவரேனும் ஒரு வினா எழுப்பினால் வாய் அடைத்துவிடும். முந்தைய பருவத்தில் அவ்வாறு நின்றபோது அவையில் எழுந்த சிரிப்பை அவர் மறக்கவில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியான பின்னர், 'கல்வராயன் மலையா?' என்று கேட்டுவிட்டு ஒரு மாதிரியாகப் பார்ப்பவர்களும் விடுதியில் இருந்தனர். மலைக்கும் அந்த மெத்தனாலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டுத் தெளிவார் எவருமிலர்.

"இது எனக்கு ஆகாதுங்கய்யா. அண்ணனோட குடகுக் காப்பித் தோட்டத்துக்கே போயிடறேன்" என்றார். பகுதி ஒன்று தமிழ்ப்பாடம் நடத்திய பழக்கத்தால் எம்மிடம் சொன்னார் போலும். இயற்பியல் துறைத் தலைவரிடம் சென்று பேசினோம். அவர் மறுக்கவில்லை, ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். மாணவர் தமிழிலேயே உரையாற்றலாம். ஆனால் கலைச்சொல் ஒவ்வொன்றும் பொருள் பிறழாமல் இருத்தல் வேண்டும். பிறழ்ந்தால் பொறுப்பு தமிழ்த்துறையைச் சாரும். உதவி கேட்கப்போன இடத்தில் பொறுப்பை வாங்கிக்கொண்டு திரும்பினோம். நான்கு வாரங்கள், நாள்தோறும் மாலையில், துறை நூலகத்தின் மேசையருகே மாணவரும் யாமும் அமர்ந்தோம்.

கல்வராயனுக்கு மேற்கே இருப்பது சேலம். அங்கேதான் 1916ஆம் ஆண்டில் இராசாசி முதலியோர் தமிழ்ச் சாத்திரப் பரிபாசைச் சங்கம் கண்டு அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்க முனைந்தனர். அதற்கும் முன்பே யாழ்ப்பாணத்தில் மருத்துவர் கிறீன் 'கெமிஸ்தம்' என்ற வேதியியல் நூலை 1875இல் தமிழில் வெளியிட்டிருந்தார். ஆகவே யாம் தொடங்கியது புதுப்பணி அன்று. ஹைட்ரஜனை 'நீரகம்' என எழுதலாமே என்று முதல்நாள் முன்மொழிந்தோம். "எல்லாரும் ஹைட்ரஜன்னுதாங்கய்யா படிச்சிருக்காங்க. இதுக்கும் வெளக்கம் சொன்னா நேரம் போயிடும்" என்றார் மாணவர். தனித்தமிழ்ப் பற்று எமக்கு உண்டு. அன்று அதனை நூலக அலமாரிக்குள் வைத்துப் பூட்டினோம்.

முதலில் வந்த இடர் 'கவர்தல்' பற்றியது. வாயு ஒன்று திண்மப் பொருளின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டிநிற்பது வேறு. உள்ளே புகுந்து பரவுவது வேறு. முன்னதைப் பரப்புக் கவர்தல் என்றும், பின்னதை உட்கவர்தல் அல்லது உறிஞ்சுதல் என்றும் பாடநூல்கள் குறிக்கின்றன. சொல் இருந்தும் படம் மனத்தில் எழவில்லை. மாணவரே வழி கண்டார். வந்தவரைத் திண்ணையில் உட்காரவைப்பது ஒன்று. நடுவீட்டுக்குள் அழைப்பது மற்றொன்று. ஹைட்ரஜன் இரண்டையும் செய்கிறது. வாயு நிலையில் அதன் அணுக்கள் இரண்டிரண்டாய்ப் பிணைந்தே திரிகின்றன. உலோகத்தின் மேற்பரப்பிலுள்ள நிக்கல் அணுக்கள் அப்பிணைப்பை அறுக்கின்றன. இணையாகத் திண்ணைக்கு வந்தவை தனித்தனியாகவே வாசற்படியைக் கடக்கின்றன.

உள்ளே எங்கே அமர்கின்றன என்பதே அடுத்த வினா. உலோக அணுக்கள் எவ்வளவு நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பினும் அவற்றிடையே சிறு வெற்றிடங்கள் உண்டு. ஆரஞ்சுப் பழங்களைக் குவித்துவைத்த கூடையில் இடுக்குகள் இருப்பதுபோல. ஹைட்ரஜன் அணு மிகச் சிறியதாகலின் அவ்விடுக்குகளில் அடங்கிவிடுகிறது. இவ்வாறு உருவாகும் சேர்மத்தைப் பள்ளிப் பாடநூலில் 'சிற்றிடை ஹைட்ரைடு' எனக் கண்டோம். இவ்வகைச் சேர்மங்களுக்கு 'இடைச்செருகல் சேர்மம்' என்ற பெயரும் வழங்குகிறது. சங்கப்பாடல் முதல் திரைப்பாடல் வரை சிற்றிடை என்றால் தலைவியின் இடைதான். இயற்பியல் வகுப்பில் அச்சொல்லைப் பலகையில் எழுதினால் பின்வரிசை என்ன செய்யும் என்பதை ஆசிரியராகிய யாம் அறிவோம். எனவே 'இடைச்செருகல்' என்பதையே தேர்ந்தோம். தேர்ந்த அந்தக் கணத்தில்தான், பழிச்சொல்லாகவே நாவில் பழகிய ஒன்றை நற்சொல்லாக ஏற்க எம் நெஞ்சு தயங்குவதை உணர்ந்தோம்.

மாணவர் எடுத்துக்கொண்ட முதன்மைச் சான்று லாந்தனமும் நிக்கலும் ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதத்தில் சேர்ந்த சேர்மம். அதன் படிகம் ஓர் அடுக்குமாடி. ஒரு தளத்தில் லாந்தனம் ஒன்றுக்கு நிக்கல் இரண்டு. அதற்கு மேல்தளத்தில் நிக்கல் மட்டும் மூன்று. மீண்டும் முதல் தளம்போல ஒன்று. இவ்வாறு மாறிமாறிச் செல்கிறது. ஹைட்ரஜன் இத்தளங்களின் இடையிலும் உள்ளிலும் உள்ள இடுக்குகளில் புகுகிறது. லாந்தனம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆறு ஹைட்ரஜன் அணுக்கள் வரை இடம் கிடைக்கிறது. ஒரு கிலோகிராம் சேர்மம் ஒரு தேநீர்க் குவளைக்குள் அடங்கிவிடும். அது உட்கொள்ளும் ஹைட்ரஜனோ சாதாரண அழுத்தத்தில் 150 லிட்டருக்கும் மேற்பட்ட இடத்தை நிரப்பக்கூடியது. உலோகத்தினுள் ஹைட்ரஜன் அணுக்கள், குளிரவைத்துத் திரவமாக்கிய ஹைட்ரஜனில் இருப்பதைவிடவும் நெருக்கமாக அமர்கின்றன என்பது வியப்பினும் வியப்பு. ஆனால் எடைக்கணக்கில் அது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கைக்கூட எட்டுவதில்லை. இதனை வண்டியின் எரிபொருள் தொட்டியாக்க எண்ணியோர் இளைப்பாற நேர்ந்ததற்கு இந்தச் சுமையே காரணம்.

செருகல் நிகழ்ந்ததும் மாடி வீங்குகிறது. பருமன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுகிறது. திண்ணிய உலோகக் கட்டி அந்த வீக்கத்தைத் தாங்கமாட்டாமல் விரிசல்கண்டு, சிலமுறை ஹைட்ரஜனை ஏற்றும் விடுத்தும் வந்தபின் மென்தூளாகப் போய்விடுகிறது. சுத்தியல் படாமலே உலோகம் மாவாகிறது. உட்புகும்போது வெப்பமும் வெளிப்படுகிறது. இரண்டு கிராம் ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 30 கிலோஜூல். வெளியேற்ற வேண்டுமாயின் அதே வெப்பத்தை நாம் திருப்பித் தரவேண்டும். தரவில்லையெனில் சுற்றுப்புறத்திலிருந்து அதுவே இழுத்துக்கொள்ளும், சுற்றுப்புறம் குளிரும். இந்தக் குளிர்ச்சியைப் பயன்படுத்திக் குளிர்விக்கும் கருவிகள் செய்யும் ஆராய்ச்சி சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நெடுங்காலம் நடந்தது. அங்கே வேதியியல் பேராசிரியராயிருந்த எம். வி. சி. சாஸ்திரி நம் நாட்டு ஹைட்ரஜன் ஆற்றல் ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவர். அவரும் பி. விசுவநாதன், எஸ். சீனிவாசமூர்த்தி ஆகியோரும் பதிப்பித்த உலோக ஹைட்ரைடுகள் பற்றிய ஆங்கில நூல் 1998இல் வெளிவந்தது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஓ. என். ஸ்ரீவாஸ்தவா உலோக ஹைட்ரைடில் அடைத்த ஹைட்ரஜனைக்கொண்டு இருசக்கர வண்டியையே ஓட்டிக்காட்டினார். இவ்விரு செய்திகளையும் கண்டபோது மாணவரின் முகத்தில் ஒரு தெளிவு தோன்றியது. இவையெல்லாம் அயல்நாட்டில் மட்டுமே நடப்பவை என்று அதுவரை எண்ணியிருந்தாராம்.

யாம் மிகுதியும் அஞ்சியது வரைபடத்துக்கு. சேர்மத்தை ஒரு மூடிய கலத்தில் இட்டு ஹைட்ரஜனைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, உட்சென்ற அளவையும் அழுத்தத்தையும் குறித்துக்கொண்டே வந்தால் ஒரு கோடு கிடைக்கிறது. தொடக்கத்தில் அது செங்குத்தாக ஏறுகிறது. பிறகு ஓரிடத்தில் படுத்துவிடுகிறது. அதன்மேல் எவ்வளவு ஹைட்ரஜன் உட்சென்றாலும் அழுத்தம் ஏறக்குறைய மாறுவதில்லை. ஏனெனில் அந்நிலையில் உலோகத்தின் ஒரு பகுதி ஹைட்ரைடாகவும் மறுபகுதி இன்னும் மாறாமலும் அருகருகே நிற்கின்றன. புதிதாக வருவதெல்லாம் மாற்றத்துக்கே செலவாகிறது. முழுவதும் மாறி முடிந்ததும் கோடு மறுபடியும் செங்குத்தாக ஏறத் தொடங்குகிறது. லாந்தனம்-நிக்கல் சேர்மத்துக்கு 25 பாகை வெப்பத்தில் அந்தப் படுத்த பகுதி ஏறத்தாழ 2 வளிமண்டல அழுத்தத்தில் அமையும். சூடேற்றினால் அது மேலே மேலே போகும். இதற்குத் தமிழ் என்ன? 'பீடபூமி அழுத்தம்' என்று எழுதிவைத்தோம். எமக்கே அது நிலவியல் பாடம்போல ஒலித்தது.

மாணவர் அக்கோட்டைச் சற்றுநேரம் உற்றுநோக்கிவிட்டு, "இது எங்க ஊர் பஸ்ஸுங்கய்யா" என்றார்.

யாம் பிறந்தது கள்ளக்குறிச்சி. ஆகவே விளக்கம் தேவைப்படவில்லை. கச்சிராயபாளையத்தைக் கடந்து கோமுகி அணையை ஒட்டி மலையடிவாரம் சேர்ந்தால் வளைவுக்குமேல் வளைவாகப் பேருந்து முக்கிமுனகி ஏறும். காது அடைக்கும். ஏற்றம் முடிந்தபின் திடீரென நிலம் விரிந்துவிடும். வெள்ளிமலை, கரியாலூர் எனச் சிற்றூர்கள், வயல்கள், கடுக்காய் மரங்கள். மலைமேல் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும்படி நெடுந்தொலைவு சென்றபின் மறுபடியும் ஏற்றம் வரும். கல்வராயனுக்குச் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதிகள். முன்னது சராசரி 2,700 அடி உயரம், பின்னது 4,000 அடி. வேறு சில உலோகச் சேர்மங்களின் வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சமதளங்கள் தோன்றுவதுண்டு என்று நூலில் கண்டபோது, "சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன்" என்று அவரே சொல்லிச் சிரித்தார். நான்கு வாரத்தில் அவர் சிரித்து யாம் கண்டது அன்றுதான். 'மலைச்சமவெளி அழுத்தம்' என்று சொல் நிலைத்தது.

இன்னொன்றையும் அப்பேருந்தே விளக்கியது. ஹைட்ரஜனை உட்செலுத்தும்போது அமையும் அழுத்தமும் வெளியேற்றும்போது அமையும் அழுத்தமும் ஒன்றல்ல. ஏற்றத்துக்கு மிகுதி, இறக்கத்துக்குக் குறைவு. வீங்கும் படிகம் தன்னைச் சுற்றியுள்ளதை நெருக்கித் தள்ளிக்கொண்டே இடம்பிடிக்க வேண்டியிருப்பது இதற்கு ஒரு காரணம். காந்தவியலில் இதனையொத்த நிகழ்ச்சியைப் பாடநூல் 'தயக்கம்' என்கிறது. அச்சொல்லை ஆக்கியவர் யாராயினும் அவர் ஒரு கவிஞர் என்று துணிந்து கூறுவோம்.

இச்சேர்மத்தின் ஆற்றல் கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. உலோகம் ஹைட்ரஜனை உறிஞ்சும் என்பது 1866இலேயே தாமசு கிரகாம் பல்லேடியத்தைக்கொண்டு காட்டிய செய்தி. ஆனால் நாம் பேசும் அடுக்குச் சேர்மம் வெளிப்பட்டது நெதர்லாந்து நாட்டு ஐந்தோவன் நகரிலுள்ள பிலிப்ஸ் ஆய்வகத்தில், 1960களின் இறுதியில். அங்கே தேடியது ஹைட்ரஜனை அன்று. வலிமை மிக்க காந்தத்தை. சமாரியமும் கோபால்ட்டும் ஒன்றுக்கு ஐந்தாகச் சேர்ந்து, இதே அடுக்கமைப்பில் உருவான காந்தம் ஹைட்ரஜனை உட்கொண்டதும் தன் விடாப்பிடியை இழந்துவிடுவதைக் கண்டனர். கெட்டுப்போனது ஏன் என்று துருவியபோதுதான் அதன் உறவினராகிய லாந்தனம்-நிக்கல் சேர்மம் ஹைட்ரஜனை வாரி உண்பது தெரியவந்தது. காந்தத்துக்குக் கேடாய் வந்தது வேறொரு துறைக்கு ஆக்கமாயிற்று. உலோகத்தை மாவாக்கும் அந்தக் குணத்தையும் பின்னாளில் விடவில்லை. நியோடிமியம் காந்தங்களைச் செய்வோர் கட்டியை அரைக்காமல் ஹைட்ரஜனை ஊட்டியே நொறுக்கிக்கொள்கின்றனர். பழைய காந்தங்களை மீட்டெடுக்கவும் அதே வழி உதவுகிறது.

லாந்தனம் என்ற பெயரைக் கேட்டு எவரும் மிரள வேண்டா. அது நம் குமரிக் கடற்கரைச் சரக்கு. மணவாளக்குறிச்சிக் கரையிலுள்ள மோனசைட்டு மணலில் சீரியம், லாந்தனம், தோரியம் முதலியன கலந்துள்ளன. திருவிதாங்கூர் கடற்கரையில் இம்மணல் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற செருமானியர் கண்டறிந்தார். அன்று உலகுக்கு வேண்டியிருந்தது அதிலுள்ள தோரியம். காஸ் விளக்கின் 'மேண்டில்' செய்வதற்கு.

மேண்டிலை யாம் நன்கறிவோம். கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் எம் அத்தா பெட்ரோமாக்ஸ் விளக்குகளை வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். பட்டுப்பை போன்ற மேண்டிலைக் கட்டி முதன்முறை கொளுத்தும்போது நூலெல்லாம் எரிந்துபோய் வெண்சாம்பற்கூடு மட்டும் எஞ்சும். அந்தச் சாம்பற்கூடே வெளிச்சத்தைத் தரும். அதனை விரலால் தொட்டால் உதிர்ந்துவிடும். தொட்டதற்கு அடியும் விழும். கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் தேர்த்திருவிழாவுக்கும் சென்ற விளக்குகள் கல்வராயன் மேலுள்ள ஊர்களுக்கும் தலைச்சுமையாக ஏறின. தோரியத்தை எடுத்தபின் மிஞ்சிய சீரியம், லாந்தனம் முதலியவற்றை என் செய்வது என்று விளங்காமல் இருந்த காலத்தில், மேண்டிலை உருவாக்கிய ஆவர் என்ற ஆஸ்திரிய அறிஞரே அவற்றை இரும்போடு கலந்து சிகரெட்டு லைட்டரின் தீக்கல்லாக்கினார். அந்தக் கலப்பின் வழித்தோன்றல்தான், நிக்கலுடன் சேர்ந்து மறுமுறை மின்னேற்றக்கூடிய மின்கலத்தில் ஹைட்ரஜனைச் சுமக்கும் உலோகமாயிற்று. 1997இல் டொயோட்டா வெளியிட்ட பிரியஸ் மகிழுந்தை ஓட்ட உதவியது இவ்வகை மின்கலமே. அதன் ஒரு முனையில் லாந்தனக் குடும்பத்துச் சேர்மம்; மறுமுனையில் அடுக்கடுக்கான நிக்கல் ஹைட்ராக்சைடு. மின்னேற்றும்போது ஹைட்ரஜன் இரண்டாவதன் அடுக்கிலிருந்து கிளம்பி முதலாவதன் இடுக்கில் சென்று அமர்கிறது, விளக்கெரியும்போது திரும்பிவருகிறது. மாமியார் வீட்டுக்கும் தாய்வீட்டுக்கும் நடக்கும் பெண்ணைப்போல என்று மாணவர் எழுதிவந்திருந்தார். அவ்வுவமையை யாம் நீக்கவில்லை.

செருகல் எப்போதும் நன்மையே தரும் என்று எழுதிவிடக் கூடாது என்பதில் துறைத் தலைவர் கண்டிப்பாக இருந்தார். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் முதலிரண்டு உலைகளிலும் எரிபொருளைத் தாங்கும் குழாய்கள் சிர்க்கோனிய உலோகக் கலவையால் ஆனவை. சூடான கனநீர் நாள்தோறும் அவற்றின் வழியே ஓடும்போது ஹைட்ரஜனின் உடன்பிறப்பாகிய டியூட்டிரியம் சிறுகச் சிறுக உலோகத்தில் ஏறுகிறது. அளவுமீறினால் உலோகத்தினுள் மெல்லிய தகடுகளாக ஹைட்ரைடு படிகிறது. அத்தகட்டின் வழியே விரிசல் ஓடுகிறது. கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் 1983இல் ஒரு குழாய் இவ்வாறே பிளந்தது. கல்பாக்கத்தில் அந்நிலை வரவிடவில்லை. 2002 முதற்கொண்டு, முதலில் ஓர் உலையிலும் பின்னர் மற்றதிலுமாக, பழைய குழாய்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு, ஹைட்ரஜனைக் குறைவாக ஏற்கும் நியோபியக் கலவைக் குழாய்களைப் பொருத்தினர். ஒரே செருகல், ஓரிடத்தில் விளக்கு, ஓரிடத்தில் விரிசல்.

இவ்விடத்தில் மாணவர் கேட்ட ஒரு கேள்விக்கு எம் துறையிலிருந்தே விடை சொன்னோம். "பாட்டுலயும் இப்படி ரெண்டு வகை இருக்குங்களா ஐயா?" என்றார். பாட்டில் உண்டோ இல்லையோ, மொழியில் உண்டு. அவருடைய மலையை 1976 வரை ஆண்டவர்கள் ஜாகீர்தார்கள். ஜாகீர் பாரசீகச் சொல். வசூல், ஜமாபந்தி, தாசில்தார் என அடுத்தடுத்து வந்தவை தமிழின் அடுக்குக்குள் புகுந்து அமர்ந்தன. 1572இல் எழுந்த ஆயிர மசலா முதலாக எம் முன்னோர் இயற்றிய இசுலாமியத் தமிழ் நூல்களில் அரபுச் சொற்கள் எத்தனையோ அமர்ந்துள்ளன. வேற்றுமை உருபு தமிழாகவே இருந்தது. வினைமுற்று தமிழாகவே முடிந்தது. சொற்களஞ்சியம் மட்டும் பருத்தது. எவ்வளவு ஏறினால் வீக்கம், எவ்வளவு ஏறினால் விரிசல் என்பதற்கு மொழியில் அளவுகோல் இல்லை. உலோகத்துக்கு இருக்கிறது, அவ்வளவில் இயற்பியலார் கொடுத்துவைத்தவர்கள்.

எல்லாச் சான்றுகளையும் அவர் உரையில் சேர்க்க நேரம் போதவில்லை. இட்ரியம் என்ற உலோகத்தின் மென்படலம் கண்ணாடிபோல் முகம் காட்டுவது. அதற்கு ஹைட்ரஜனை ஊட்டினால் ஒளி ஊடுருவும் படலமாகிவிடுகிறது. எடுத்துவிட்டால் திரும்பவும் பளபளக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் 1996இல் இதனைக் காட்டினார்கள். மற்றொன்று, சீரியம் ஒன்றுக்கு நிக்கல் மூன்றாக அமைந்த சேர்மம். அதில் இருவகை அடுக்குகள் மாறிமாறி வருகின்றன. ஹைட்ரஜன் அவற்றுள் ஒருவகை அடுக்கை மட்டும் தேர்ந்து உட்புகுகிறது, மற்றதைத் தீண்டுவதில்லை. அதனால் படிகம் நீள அகலத்தில் ஏறக்குறைய மாறாமல், உயரத்தில் மட்டும் ஏறத்தாழ 30 விழுக்காடு உப்பிவிடுகிறது. மழையில் நனைந்த புத்தகத்தை நினைத்தால் போதும். அட்டையின் அளவு மாறுவதில்லை, தடிமன் மட்டும் பெருகுகிறது. இவ்வுவமை எமது.

உரையன்று இயற்பியல் அரங்கில் நாற்பது பேர் இருந்தனர். மாணவர் கரும்பலகையில் முதலில் வரைந்தது மலைப்பாதையை. கால்மணி நேரம் கையிலிருந்த தாளைப் பாராமலே பேசினார். பின்வரிசையில் ஓரிருவர் தொடக்கத்தில் முணுமுணுத்தனர். சமவெளிக்கு வந்தபோது அவ்வொலி நின்றுவிட்டது. உரை முடிந்ததும் வேதியியல் துறை மாணவி ஒருவர் எழுந்து, "ஹைட்ரஜன் முழுவதையும் வெளியேற்றிவிட்டால் பழைய உலோகமே திரும்பக் கிடைக்குமா?" என்று வினவினார். யாம் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டோம். எழுதிவைத்ததில் இதற்கு நேர்விடை இல்லை.

அவர் சிறிது நின்றார். பிறகு சொன்னார்: "அடுக்கு திரும்பிடும். அணுவுக்கும் அணுவுக்கும் இருந்த தூரம் பெரும்பாலும் பழையபடி ஆயிடும். ஆனா கட்டி திரும்பாது. தூளு தூளாத்தான் இருக்கும். அந்தத் தூளு அடுத்த தடவை இன்னும் வேகமா ஹைட்ரஜன எடுக்கும்." துறைத் தலைவர் தலையசைத்ததை எம் கண்ணால் கண்டோம். அடுத்து மூன்று வினாக்கள் வந்தன. ஒன்றுக்குத் தெரியாது என்று கூறிவிட்டு, பார்த்துச் சொல்வதாக எழுதிக்கொண்டார். குடகுப் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை.

கலைச்சொற் பட்டியல் 63 சொற்களோடு துறையில் இருக்கிறது. ஒன்று மட்டும் முடிவாகவில்லை. புதிதாக உருக்கி வார்த்த கட்டி முதல்முறை ஹைட்ரஜனை எளிதில் ஏற்பதில்லை. மேலே ஆக்சைடுப் படலம் தடுக்கிறது. அழுத்தத்தில் வைத்தும், வெற்றிடமாக்கியும், சூடேற்றியும், ஆறவிட்டும் பலமுறை திரும்பத் திரும்பச் செய்தபின்னரே விரைவாக உட்கொள்ளத் தொடங்கும். இச்செயலுக்குத் துறைத் தலைவர் 'செயலூட்டல்' என்கிறார். இலக்கணப்படி அது பொருந்துகிறது. மாணவர் 'பழக்குதல்' என்கிறார். புதுமாட்டை ஏரில் பூட்டி முதல்நாள் நடத்துவதற்கு அவர் ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம். பட்டியலில் இரண்டையும் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறோம்.